அகாட்டாவின் நிறம்

தான் ஓட்டும் டிராம் கடைசி நிறுத்தத்தில் வளைந்து நின்றதும் மிலாடா, பிளாஸ்கைத் திறப்பதற்கு முன் கைப்பேசியைத் திறந்தாள். காலையில் சங்கத்தின் இணையப் பக்கத்தில் அவள் போட்டிருந்த படத்துக்கு யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை. அகாட்டாவின் படம் அது. கறுப்புப் பலகையின் மேல் சுருண்டு கிடக்கும் வானவில் போவா பாம்பு. செம்புச் சிவப்பு உடம்பு, முதுகு நெடுகக் கரிய வளையங்கள், அவற்றின் மேல் ஈரம் காயாத சாயம் போல வழிந்துகொண்டிருக்கும் நீலமும் பச்சையும் ஊதாவும். அவள் எடுத்தவற்றிலேயே சிறந்த படம். அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை அவளுக்கு. இருந்தாலும் யாராவது சொன்னால் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் எழுதியிருந்தவர் ராடோவான். பாம்பு வளர்ப்போர் சங்கத்தின் தலைவர், தொழிலில் கசாப்புக் கடைக்காரர். ஓலோமோட்ஸ் நகரத்தில் போவா வளர்க்கிற எவரும் அவரிடம் ஒரு முறையாவது யோசனை கேட்டிருப்பார்கள். 'படம் பிரமாதம். பாம்பைத்தான் காணோம். கணினியில் சாயம் பூசுகிறவர்களுக்கு அடுத்த வருடம் தனியாக ஒரு பரிசு வைக்கலாம்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டியிருந்தன. அவள் வீட்டில் உட்கார்ந்து பன் தின்றுவிட்டுப் போனவர்களின் பொம்மைகளும் அதில் இருந்தன. மிலாடா கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, தேநீரைக் குடிக்காமலேயே வண்டியை எடுத்தாள். அன்று அவள் அடித்த மணிச் சத்தத்தில் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தவர்கள் துள்ளி ஒதுங்கினார்கள்.

சாயமாம். அந்த நிறத்துக்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வானவில் போவாவின் தோலில் நீலமும் கிடையாது, பச்சையும் கிடையாது. செதிலில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது, சோப்புக் குமிழியில் வருகிற மாதிரி, அந்த நொடிக்குப் பிறக்கிற நிறம் அது. ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டுதான் விழும். விளக்கைப் போட்டால் பழுப்பாகக் கிடக்கும். கண் பார்த்ததைக் கேமரா பார்க்க மறுக்கும். எத்தனையோ படங்களை எடுத்து எடுத்து அழித்த பிறகு, ஒரு நாள் லென்ஸ் மூடி கட்டிலுக்கடியில் உருண்டு போக, அதை எடுக்கத் தரையோடு தரையாகப் படுத்தவள் தலையைத் திருப்பினாள். பலகையின் மேல் அகாட்டா தீப்பற்றியதைப் போல இருந்தது. அன்றிலிருந்து பால்கனிக் கண்ணாடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, பாம்பு சட்டை உரித்த மறுநாள் மேகமூட்டம் வருகிறதா என்று பார்த்திருந்து, குப்புறப் படுத்துக்கொண்டுதான் படம் எடுக்கிறாள்.

கணவன் லூபோஷுக்கு இதிலெல்லாம் ஒட்டுதல் கிடையாது. வெந்நீர்க் குழாய் பொருத்துகிற வேலை அவனுக்கு. மகள் ப்ர்னோவுக்குக் குடிபோன பிறகு அவளுடைய அறையில் கண்ணாடிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறியபோது, பெட்டிகளுக்குச் சூடு குறையாமல் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தவன் அவன்தான். பாம்புகள் வந்து சேர்ந்த பிறகு உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. பாம்புகளின் சொந்த நாட்டை வைத்து அந்த அறைக்கு அவன் வைத்த பெயர் பிரேசில். "பிரேசில்ல இன்னிக்கு மழையா?" என்று வாசலில் நின்றபடியே கேட்பான், அவள் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டால்.

ராடோவான் எழுதியதை அவனும் படித்தான். அன்று சாயங்காலமே அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அரங்கில் சங்கத்தின் சந்தை. அந்தப் பாம்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும், நிறம் இருந்தால் எல்லார் முன்னாலும் தொப்பியைக் கழற்றுகிறேன் என்று. லூபோஷ் உற்சாகமாகிவிட்டான். தெர்மோகோல் பெட்டி, வெந்நீர்ப் பை, காருக்குள் சூடு எல்லாம் தன் பொறுப்பு என்றான். அவளும் சரியென்று தலையாட்டினாள். அந்த வாரம் முழுவதும் டிராம் ஓட்டும்போது ராடோவானின் வழுக்கைத் தலைதான் அவள் கண்முன் நின்றது.

அகாட்டா வயிற்றில் குட்டி இருந்தது. போவா முட்டையிடாது, குட்டிதான் போடும். சந்தைக்குக் கொண்டுபோக வேறு பாம்புகள் இருந்தன. ஆனால் அந்த நிறம் அகாட்டாவுக்கு மட்டும்தான். பென்சில் பருமனில் வந்து, அவள் விரலைக் கடித்துக் கடித்தே வளர்ந்து, இன்று அவள் உயரத்தைத் தாண்டிவிட்ட பாம்பு. அதன் முந்தைய ஈற்றுக் குட்டிகள் போலந்து வரைக்கும் போயிருக்கின்றன.

ஞாயிறு காலையில் லூபோஷ் காரைச் சூடேற்றக் கீழே போய்விட்டான். மிலாடா பெட்டியின் கதவை நகர்த்தினாள். அகாட்டா பின்பாதி உடம்பை மல்லாத்தி, வெளுத்த வயிற்றைச் சூட்டுப் பலகையின் பக்கம் காட்டிக்கொண்டு கிடந்தது. குட்டிகளுக்குக் கதகதப்பு போகட்டும் என்று பெண் போவாக்கள் அப்படித்தான் கிடக்கும். இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினாள். உள்ளங்கையின் மேல், தோலுக்கு அந்தப் பக்கத்தில், ஏதோ ஒன்று மெல்லப் புரண்டது. ஜன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் உறைபனி. மிலாடா, தூக்கியதை விடவும் மெதுவாக அதைப் பழைய இடத்திலேயே வைத்துக் கதவை மூடினாள்.

"அப்போ நாம போகலையா?" என்றான் லூபோஷ், கீழே வெறுங்கையோடு வந்து காரில் ஏறியவளைப் பார்த்து.

"யார் சொன்னது? ஓட்டு."

அரங்கில் மரத்தூளும் வறுத்த சாசேஜும் சேர்ந்து மணத்தன. ராடோவான் தன் மேசையில் பாதியைக் காலி செய்து, கறுப்புத் துணி விரித்து, விளக்கு ஒன்றையும் வைத்திருந்தார். சுற்றிலும் பீர் கோப்பைகளோடு ஒரு கூட்டம்.

"என்ன அம்மணி, கைய வீசிட்டு வர்றீங்க? வழியில சாயம் கரைஞ்சு போச்சா?" என்றார்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை மிலாடா காத்திருந்தாள்.

"அவ வயித்துல குட்டி இருக்கு, தலைவரே. இந்தக் குளிர்ல அவள வெளிய எடுக்க மாட்டேன்."

"அப்போ நாங்க எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம். நீங்க நம்பணும்னு அவ குட்டி சுமக்கல."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். இந்தச் சிரிப்பு அவளைப் பார்த்து இல்லை. ராடோவானின் காது மடல் சிவந்தது.

"பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க. நாலாவது மாடி. ஷூவக் கழட்டிட்டு, கையக் கழுவிட்டு உள்ள வரணும்" என்றாள் மிலாடா.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. வரிசையில் நின்று சாசேஜும் கடுகுச் சாந்தும் ரொட்டியும் வாங்கி, அவர்களுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு, ஒரு துண்டையும் மிச்சம் வைக்காமல் நிதானமாகத் தின்றுவிட்டுத்தான் கிளம்பினாள்.

திரும்பி வரும்போது லூபோஷ் சொன்னான், "அரை மணி நேரம் காட்டிட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும், மிலா."

"ஆமா. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் முடிஞ்சிருக்கும்."

லூபோஷ் காரின் சூட்டைக் குறைத்தான். ஊர்தான் விடவில்லை. பாம்பே இல்லை, குட்டியும் இல்லை என்று எழுதினார்கள். இரண்டு குட்டி வேண்டுமென்று சொல்லிவைத்திருந்த ஓஸ்ட்ராவா ஊர்க்காரர், இப்போது வசதிப்படாது என்று மரியாதையாக விலகிக்கொண்டார். அதுதான் அவளை உள்ளே குத்தியது. வேறு படம் எதையும் அவள் போடவில்லை. அகாட்டா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன்னும் வந்த பிறகும் தண்ணீர் தெளித்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், பார்த்ததையே மறுபடியும் பார்த்தாள்.

பனி விழ ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியான வேளையில், அவள் டிராம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பைக்குள் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. எடுக்க வழியில்லை. கடைசி நிறுத்தம் வந்ததும் லூபோஷைக் கூப்பிட்டாள்.

"உன் பொண்ணு குட்டி போட ஆரம்பிச்சுட்டா" என்றான். வேலை இல்லாமல் சீக்கிரம் வந்திருக்கிறான். வீட்டில் ஏதோ வாசனை மாறியிருக்கிறதென்று எட்டிப் பார்த்திருக்கிறான்.

"நீ உள்ளயா இருக்க?"

"வேற எங்க இருந்து பாக்கிறது?"

கதவைத் திறந்து போடாதே, அகாட்டாவைத் தொடாதே, ஈரம் காயாமல் மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மிச்சச் சுற்றையும் ஓட்டி முடித்தாள். அவ்வளவு பேரை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகவும் முடியாது. ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் மனசுக்குள் திட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது லூபோஷ், வேலை உடுப்போடு, கையில் தெளிப்பான் பாட்டிலோடு, மகளின் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள் ஈரப் பாசி முழுக்கக் குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. மூலையில் கரு கூடாத முட்டைகள் சில, மஞ்சள் மெழுகுக் கட்டிகள் மாதிரி கிடந்தன. அகாட்டா உடம்பு வற்றி, தலையை ஒரு சுற்றின் மேல் வைத்து ஓய்ந்திருந்தது. அதன் நாக்கு வெளியே வந்து போனதைப் பார்த்த பிறகுதான் மிலாடா கோட்டைக் கழற்றினாள்.

"ஒண்ணு சவ்வுப் பைக்குள்ளயே கிடந்துச்சு" என்றான் லூபோஷ், அவளைப் பார்க்காமல். "கிழிக்கத் தெரியல அதுக்கு. மூக்கு மட்டும் உள்ளேருந்து முட்டுச்சு. நகத்தால கீறி விட்டேன். தப்பா?"

"தப்பில்ல" என்றாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள். அவன் விரல்கள் சில்லிட்டிருந்தன.

குட்டிகள் முதல் சட்டையை உரித்து, பின்னாலேயே அகாட்டாவும் உரித்து முடித்த வாரத்தில் ராடோவான் கூப்பிட்டார். குரலில் கிண்டல் இல்லை. சனிக்கிழமை வரலாமா என்று மட்டும் கேட்டார். வந்தபோது கையில், தன் கடைக் காகிதத்தில் சுற்றிய புகையூட்டிய இறைச்சி. வாசலில் ஷூவைக் கழற்றினார், லூபோஷ் கொடுத்த வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார், கசாப்புக்காரர்கள் கழுவுகிற மாதிரி முழங்கைவரை கழுவினார். பிறகு பெட்டி பெட்டியாகப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், பாசியை விரலால் அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார். குறை தேடுகிற பார்வை அது என்று மிலாடாவுக்குத் தெரிந்தது. தேடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குறை கிடைக்கவில்லை என்பது, கடைசிப் பெட்டியிலிருந்து அவர் நிமிர்ந்த விதத்திலேயே தெரிந்தது.

அகாட்டாவைப் பலகையின் மேல் விட்டாள். வெளியே வானம் சாம்பல். விரிப்பு வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது.

ராடோவான் குனிந்து பார்த்தார். "சிவப்பு. நல்ல சிவப்பு. என்கிட்டயும் இருக்கு இந்த மாதிரி."

"கீழ படுங்க" என்றாள் மிலாடா.

"என்னது?"

"நான் அங்கேருந்துதான் எடுக்குறேன்."

பெரிய உடம்பு, மடங்காத முழங்கால்கள். முதலில் சுவரைப் பிடித்தார், பிறகு லூபோஷின் தோளை. ஒரு வழியாகத் தரையில் சாய்ந்து, கன்னத்தைப் பலகையின் உயரத்துக்குக் கொண்டுபோனார். மிலாடா பாம்பைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். தலையை மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். நிறம் கழுத்திலிருந்து வாலுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும்.

"இத்தன வருஷமும் நான் இவங்கள மேலேருந்தே பாத்திருக்கேன்" என்றார் கடைசியில்.

லூபோஷ் ஒரு தலையணையை எடுத்து அவர் விலாவுக்கு அடியில் தள்ளினான்.

"எழுதினத இன்னிக்கே அழிச்சிடுறேன், மிலாடா."

"அழிக்காதீங்க. அது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ நான் ஒரு படம் போடணும்."

அவர் படுத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தப் படத்தில் தானும் இருக்கலாமா என்று கேட்டார். அவள் அகாட்டாவைப் பெட்டியில் விட்டுவிட்டு, குட்டிகளில் ஒன்றை எடுத்து வந்தாள். இந்த வயதில் எல்லாம் கடிக்கும் என்று எச்சரித்தாள். கசாப்புக்காரன் கை, பார்க்காத காயமா என்று அவர் நீட்டினார். குட்டி அவர் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றியது, யோசித்தது, கட்டை விரலின் நுனியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. சின்னச் சிவப்புப் பொட்டு ஒன்று கிளம்பிற்று. லூபோஷ் பஞ்சுக்கு எழுந்தான்.

"உக்காரு" என்றார் ராடோவான், உதடு அசையாமல். "யாரும் ஆடாதீங்க. வெளிச்சம் போயிடும்."

மிலாடா அவருக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்து, கேமராவைக் கண்ணில் வைத்தாள். குட்டி பிடியை விடவில்லை. அதன் முதுகின் மேல், கழுத்தருகில், ஊதா மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.