குருவிக் காவலும் ஒரு மாத்திரையும்

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் வீரையாவின் வயலுக்குக் குருவி விரட்ட மூன்று ஏற்பாடுகள் இருந்தன: தகர டின், பளபளக்கிற ரிப்பன், மகள் கவிப்ரியா. முதல் இரண்டும் குருவிகளுக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. ஆறாம் வகுப்புக் கவிப்ரியா மட்டும் பழகவே இல்லை. எப்போது எந்த வரப்பில் பாய்வாள் என்பது அவளுக்கே தெரியாதபோது குருவிக்கு எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடத்தில் இந்தத் திறமைக்கு மதிப்பில்லை. கணக்கு டீச்சர் முருகலட்சுமி சொல்லிச் சொல்லி, கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள்.

"இதை ஏடிஎச்டின்னு சொல்லுவோம்" என்றார் டாக்டரம்மா. "சலிப்பான வேலைன்னா இவ மூளை அரைத்தூக்கத்துக்குப் போயிருது. அதை எழுப்பத்தான் உடம்பு துள்ளுதுன்னு வச்சுக்கங்க. இந்த மாத்திரை மூளையை முழிக்க வைக்கும். செய்யுற வேலையில ஒரு ருசி தட்டும். துள்ள வேண்டிய தேவை குறையும்."

வீரையா யோசித்தார். "முழிக்கிற மாத்திரையத் தின்னா அடங்குவாளா? அப்ப தூக்க மாத்திரை குடுத்தா ஆடுவாளா டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வீரையாவும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்தது. அதுவரை கவிப்ரியாவுக்கு வகுப்பறை ஒரு பஸ் ஸ்டாண்டு. தொண்டி, தேவகோட்டை, ராம்நாடு என்று எல்லாக் கண்டக்டரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். இப்போது ஒரே ஒரு பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தாள், பின்னக் கணக்கு வந்துசேர்ந்தது.

"மாவட்டக் கணக்குப் போட்டிக்கு நீயும் வார" என்றார் டீச்சர். "தை மாசம் ஒரு டெஸ்ட் வைப்பேன். அதுல மட்டும் சொதப்பிராத."

கவிப்ரியாவை ஒரு டீச்சர் எங்காவது கூட்டிப்போவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே அனுப்பியதுதான் நிறைய உண்டு.

மார்கழியில் கதிர் பால் பிடித்தது. அரையாண்டு லீவில் காவலுக்குப் போனவள் வரப்பில் உட்கார்ந்து, ஒரு குருவி ஒரு கதிரைக் கடைசி மணிவரை தின்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"அய்யா, அது உமியத் தனியாத் துப்புது!"

வீரையா காலியான கதிர்களை எண்ணினார்.

காலையில் கஞ்சியோடு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பது அவர் வேலை. லீவு முடிவதற்குள் பழைய பஸ்களெல்லாம் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டன. தை டெஸ்டில் கவிப்ரியா பாதிக் கணக்கில் ஜன்னலுக்குப் போனாள், மீதிக் கணக்குக்குத் திரும்பவே இல்லை. போட்டிக்கு வசந்தகுமார் போனான்.

"மாத்திரையத் தின்னுட்டும் இந்த லட்சணமா?" என்று வீரையா வைதார். "அப்ப மாத்திரை மேல குத்தமில்லத்தா. உனக்குத்தான் புத்தியில்ல."

கவிப்ரியா நம்பினாள். இத்தனை நாள் மாத்திரைதான் கணக்குப் போட்டிருக்கிறது, தனக்குப் பங்கில்லை என்று அழுதாள்.

சனிக்கிழமை வயலில் அழுதுகொண்டே ஓடினாள். ஒரு குருவிகூட இறங்கவில்லை.

மேல வரப்பில் புதிதாக ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் காலி மாத்திரை அட்டைகள் வெயிலில் மினுங்கின. மினுங்கினால் போய்ப் பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். எல்லாம் கால்சியம். அம்மாவின் மூட்டுவலிக்கு வாங்கியது. அம்மா மாரிச்செல்வி அதை நினைவாக ஒருநாள்கூடத் தின்றதில்லை.

"அய்யா, இம்புட்டுக் கால்சியமும் யாரு தின்னா?"

வீரையா டின்னைத் தட்டினார். பக்கத்தில் குருவியே இல்லை.

"என் மாத்திரை எங்கன?"

"பத்திரமா இருக்குத்தா. ஒண்ணும் வீணாப் போகல. அறுப்பு முடியவும் குடுப்பேன்ல? இதுவும் சத்து மாத்திரைதான."

"பெறகு எதுக்கு என்னைய வைஞ்சீக?"

வீரையா நேர்மையாகவே சொன்னார்: "வையாம இருந்தா உனக்குச் சந்தேகம் வந்துரும்லத்தா."

மறுநாள் காலை கஞ்சி வந்தது. உள்ளங்கையில் மாத்திரையும் வந்தது. இந்தத் தடவை நிஜ மாத்திரை.

கவிப்ரியா கை நீட்டவில்லை. "அட்டையோட கொண்டாங்க."

கொண்டுவந்தார். எழுத்துக் கூட்டி வாசித்து, தானே பிதுக்கி எடுத்து, அம்மா பார்க்க விழுங்கினாள். வயலுக்கும் வந்தாள். வரப்பில் உட்கார்ந்தாள்.

குருவிகள் இறங்கின.

"ஏத்தா, குருவி! ஏத்தா!"

வீரையா துண்டைச் சுழற்றியபடி தானே ஓடினார். கீழ வரப்பிலிருந்து மேல வரப்புக்கு, மேல வரப்பிலிருந்து கீழ வரப்புக்கு. மத்தியானத்துக்குள் அவரும் குருவிகளுக்குப் பழகிப்போனார். கவிப்ரியா எழுந்திருக்கவில்லை.