செவ்வாயும் வெள்ளியும் வராத துடிப்பு

காலை எட்டரைக்கு, நேர்முகத்துக்குரிய படங்களைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் கிழமையை எழுதினேன். ஏன் முன்பே எழுதவில்லை என்று தெரியவில்லை.

கரவெட்டித் தோட்டத்தில் நான் வைத்த காந்தமானி ஐந்து மாதத்தில் முப்பத்தொரு துடிப்புகளைப் பதிந்திருந்தது. எல்லாம் நண்பகலை ஒட்டியவை. சூரியக் காற்று பூமியின் காந்தமண்டலத்தை அழுத்துவதால் வருபவை என்று எழுதியிருந்தேன். ஜேர்மனியில் புதன் கோளின் காந்தமண்டலத்தை ஆராயும் குழு, அதைப் பார்த்துத்தான் என்னைப் பன்னிரண்டரைக்கு இணையவழி நேர்முகத்துக்கு அழைத்திருந்தது.

முப்பத்தொன்றில் ஒன்றுகூடச் செவ்வாய்க்கிழமையில் இல்லை. வெள்ளிக்கிழமையிலும் இல்லை.

சூரியனுக்கு ஏது கிழமை? மடிக்கணினியோடு கொக்குவிலிலிருந்து ஸ்கூட்டியில் தோட்டத்துக்குப் புறப்பட்டேன்.

பதினொன்றரைக்குக் கருவியை இணைத்துவிட்டுப் பம்ப் அறை வாசலில் இருந்தேன். திரையில் கோடு அமைதியாக ஓடியது. என் சந்தேகம் பிழையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பன்னிரண்டு ஐந்துக்குத் தோட்டக்காரர் சண்முகநாதன் ஐயா வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பையுடன் வந்து, அதைக் கருவிப் பெட்டியின் மேல் வைத்தார்.

கோடு விழுந்தது.

"ஐயா, எப்பவும் உதிலையோ வைக்கிறியள்?"

"ஓம் பிள்ளை. நிலத்திலை வைச்சால் எறும்பு."

பைக்குள் ஆட்டிறைச்சிக் கறி. அதற்கடியில் ஒரு பழைய இரும்புப் பாக்குவெட்டி.

"இது எதுக்கு?"

"இறைச்சியை உச்சி நேரத்திலை வெறுமனே கொண்டுபோக என்ரை மனுசி விடமாட்டா. இரும்பில்லாட்டிப் பேய் பிடிக்குமாம்." சிரித்தார். "ஏன், உங்கடை பெட்டியைப் பிடிச்சிட்டுதோ?"

பையை மூன்று தரம் தூக்கி வைத்தேன். மூன்று தரமும் கோடு ஏறி இறங்கியது. செவ்வாய், வெள்ளியில் அவர் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு; இறைச்சி இல்லாத நாளில் பாக்குவெட்டியும் இல்லை. மண்வெட்டி, சைக்கிள், கோடரி எதுவும் பெட்டிக்குக் கிட்ட வரக்கூடாது என்று நான்தான் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தேன். சாப்பாட்டுப் பை என் பட்டியலில் இல்லை.

என் ஆய்வை மேற்பார்வை செய்யும் வாகீசன் சேருக்கு அழைத்துச் சொன்னேன்.

"தர்சிகா, இப்ப ஒண்டையும் குழப்பாதையும். அவை உம்மைக் கூப்பிட்டதே அந்தத் துடிப்புக்காகத்தான். நேர்முகத்தை முடியும், பிறகு திருத்துவம்."

"பிறகு எண்டால் எப்ப சேர்?"

"இடம் கிடைச்ச பிறகு."

பன்னிரண்டு இருபத்தெட்டு. மாலைநேர ஜேர்மன் மொழி வகுப்பில் மனனம் செய்த அறிமுகம் முழுவதும் மறந்துபோயிற்று. திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் இருந்த பெண் பேராசிரியர், நேராகத் துடிப்புகளுக்கே போகலாம் என்றார்.

நான் பாக்குவெட்டியைக் கமராவுக்கு முன் தூக்கிப் பிடித்தேன். "துடிப்பு இதுதான்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கிழமைகளைச் சொன்னேன், என் பட்டியலைச் சொன்னேன். ஒருவர் எழுதுவதை நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

"அப்படியானால் உங்களிடம் மிஞ்சுவது என்ன?" என்று பேராசிரியர் கேட்டார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. "செவ்வாய்க்கிழமைகளும் வெள்ளிக்கிழமைகளும்," என்றேன். "நாற்பத்து மூன்று நாட்கள். அவற்றில் நிச்சயமாக இரும்பு படவில்லை."

"பார்த்தீர்களா?"

"இல்லை. துடிப்பு இல்லை என்று கணினி நிரல் காட்டியதால் அந்த நாட்களின் பதிவைத் திறக்கவே இல்லை."

"திறவுங்கள். எங்களுக்கு நேரமிருக்கிறது."

ஐயா பாக்குவெட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கப் படலை வாசலில் போய் நின்று, சைக்கிளில் வந்த ஒருவரைப் பெட்டிக்குக் கிட்ட வராமல் கைகாட்டி மறித்தார். முதல் வெள்ளிக்கிழமையைத் திறந்தேன். இந்த முறை எதைக் காண வேண்டும் என்று எனக்குத் தெரியாது.