சளிக்காரன் வாயடைத்தபோது

போன ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தில் ஒன்றாக வேலை பார்த்த நாங்கள் நாலு பேர் எங்கள் பழைய தலைமை நூலகர் வீட்டில் கூடியிருந்தோம். பேச்சு எப்படியோ அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது.

"கன்னங்கரேல்னு ஒரு திரை. ஒரு எழுத்து தப்பினா போதும், தப்பான கட்டளைன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லும்," என்றார் புத்தகம் கட்டும் பைண்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கு எழுத்து மட்டும் வர்ற அந்த டாஸ் சிஸ்டம்தான் பிடிச்சுது," என்றேன்.

எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. போனில் கேட்பவர்களுக்குப் புத்தகம் இருக்கிறதா என்று தேடிச் சொல்வது என் வேலை. திரையில் வெறும் எழுத்துதான் வரும் என்பதால், கம்ப்யூட்டரோடு இணைத்த செங்கல் அளவுப் பெட்டி ஒன்று அதை வரிவரியாகப் படித்துச் சொல்லும். மூக்கடைத்த குரல். சளிக்காரன் என்று பெயர் வைத்திருந்தோம்.

பிறகு படங்களைச் சுட்டியால் தொடும் புதிய சிஸ்டம் வந்தது. ஆபீசே குதூகலித்தது. சளிக்காரனுக்குப் படம் படிக்கத் தெரியாது, வாயடைத்துப் போனான். தலைமை நூலகர் என்னை வாசலில் பை வாங்கி வைக்கும் மேசைக்கு மாற்றினார். இரண்டு மாதம் பைகளுக்கு டோக்கன் கொடுத்தேன். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டைப்பிஸ்ட் வந்தாள். விரல் வேகத்தால் அவளுக்குப் புயல் என்று பெயர்.

"அண்ணே, திங்கக்கிழமை உங்க பழைய சீட்டுக்கு வந்துடுங்க. ஆன் பண்ணிட்டு, ஒரு பீப் கேட்டதும் ரெண்டாம் நம்பரை அமுக்குங்க. பழசு வரும். புத்தகப் பட்டியலை வாராவாரம் நான் மாத்தித் தரேன்."

பழைய ஃபிளாப்பி தட்டுகளை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, அதிலிருந்து பழைய சிஸ்டத்தையும் என் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கே தலைமை நூலகருக்கு விஷயம் எட்டிவிட்டது.

"யாரைக் கேட்டும்மா இதைப் பண்ணுனே?"

"யாரையும் கேக்கல சார். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அவர் என் பின்னால் நின்றார். போன் அடித்தது. தேடி, அலமாரி எண் சொல்லி, வைத்தேன். அடுத்தது அடித்தது. அவர் செருப்புச் சத்தம் மெல்ல விலகிப் போனது. அதற்குப் பிறகு பை மேசைப் பேச்சே எழவில்லை. புதிய சிஸ்டத்தைப் படித்துச் சொல்லும் புரோகிராம் எங்களுக்குக் கிடைக்கும் வரை நாலு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லி முடித்ததும் தலைமை நூலகர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான் அங்க அனுப்புனேன்," என்றார் தலைமை நூலகர்.

"தெரியும் சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா, அன்னிக்கு முதல்ல என்னண்ணே டைப் பண்ணீங்க?" என்று கேட்டாள், எங்களோடு வந்திருந்த புயல்.

"டி, ஐ, ஆர். உள்ள என்னென்ன ஃபைல் இருக்குன்னு கேட்டேன். ஒவ்வொரு பேரா மூக்கால படிச்சான். முடிக்க ஆறு நிமிஷம் ஆச்சு. பாதியில நிறுத்த எனக்கு மனசு வரல."