தலைவர் தானம் கொடுத்த நீலப் பாட்டில்

எங்கள் குப்பத்துத் தலைவர் பொன்னுரங்கத்துக்குத் தன் பேர் எங்காவது எழுதியிருந்தால் போதும், சோறு வேண்டாம். படகுக் கொட்டகையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியில் ஒன்று, தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பழவேற்காடு கடைத்தெருவில் இரண்டு அறையில் மியூசியம் திறந்த கீதா டீச்சர், "பழைய பொருள் குடுத்தா, குடுத்தவங்க பேரை அட்டையில எழுதி வெப்போம்" என்று சொன்னதுதான் தாமதம். யாரையும் கேட்காமல் ஊரின் சீட்டுப் பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம்தான். சேர்ந்து வலை கட்டுகிற ஆட்கள் ஒரு கூட்டு. எந்தக் கூட்டு எங்கே கட்டுவது என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவோம். அதற்கென்றே இருந்தது அந்தப் பழைய காய்ச்சல் மருந்து பாட்டில். கருநீலக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. வேளைக்கு ஒன்றாகப் பக்கவாட்டில் கோடு. கழுத்தில் விரல் நுழையாது. கவிழ்த்துத் தட்டினால் ஒரு சீட்டுதான் விழும். சீட்டுகளோ, பொன்னேரி ஸ்டேஷனில் இறால் கூடை ஏற்றிய காலத்துப் பார்சல் ரசீதுகள். கெட்டித் தாள். பின்பக்கம் கூட்டுக்கு ஒரு குறி வரைந்து, நண்டு, நங்கூரம், சூலம் என்று, பீடி மாதிரி சுருட்டி நூல் கட்டியிருக்கும்.

பாட்டிலும் அதிலிருந்த சீட்டுகளும் போன பிறகு, புதுச் சீட்டு எழுதி எவர்சில்வர் தூக்குவாளியில் குலுக்கினார்கள். அதில் கையை விட்டுத் துழாவலாம். எடுப்பவர் தலைவர். இரண்டு தடவையும் முகத்துவாரத்து ஓரம், அதாவது இறால் தானாக வந்து விழும் இடம், அவர் அக்கா மகன் விமலுக்கே வந்தது. ஊர் சும்மா இருக்குமா?

"தலைவரு விரலுக்குக் கண்ணு இருக்குதுப்பா" என்றான் நண்டுக் கூட்டு முனியன், டீக்கடையில். "சீட்டைத் தொட்டாலே மருமவன் வாசனை வருதாம்."

நான் சர்க்கரை வாங்கத்தான் போயிருந்தேன். சர்க்கரை கட்டி முடித்த பிறகும் கொஞ்சம் நின்றேன்.

வரும் சனிக்கிழமை குலுக்கலுக்கு வர மாட்டோம் என்று ஐந்து கூட்டு சொல்லிவிட்டது. பொன்னுரங்கத்தின் முகம் கருவாடாகிவிட்டது. மனிதர் பீற்றுவார், ஆனால் சீட்டில் திருட மாட்டார். ஊர் அவர் கையை நம்பவில்லை என்றால், தலைவர் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். மனைவி இந்திராணியோடு மியூசியத்துக்குக் கிளம்பினார். எனக்கும் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருந்தது.

பாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் குளித்துவிட்டுப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. "மருந்து பாட்டில். நன்கொடை: திரு. பொன்னுரங்கம்." பக்கத்தில் சீட்டுகளைப் பிரித்து, நீவி, வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். "ரயில்வே ஆவணங்கள். இறால், இரண்டு கூடை." குறிகள் எல்லாம் அடியில்.

"இன்னா டீச்சர், எங்க ஊரையே குப்புறப் போட்டு வெச்சிருக்கீங்க!" என்றார் பொன்னுரங்கம்.

கீதா டீச்சர் ஒன்றைத் திருப்பினார். முனியன் கூட்டின் நண்டு. "ஐயோ, பின்பக்கம் பார்க்கவே இல்லையே!" என்றார். ஆனால் பாட்டிலைத் திருப்பிக் கேட்டதும் தலையை ஆட்டினார். "பதிவேட்டுல ஏறின பொருள் வாசலைத் தாண்டக் கூடாது, தலைவரே."

பொன்னுரங்கம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்திராணி அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற? பாட்டில் வராதுன்னா ஊரு வரட்டும்யா."

சனிக்கிழமை காலை ஊர் வந்தது. மூன்று ஷேர் ஆட்டோ. வர மாட்டேன் என்ற ஐந்து கூட்டும் முதல் ஆட்டோவில். எதிரில் நின்று பார்க்க வேண்டாமா? பழைய சீட்டைச் சுருட்டினால் நொறுங்கிவிடும் என்று டீச்சர் பின்பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். வெள்ளை உறை மாட்டிய கையால் அவரே பாட்டிலைக் குலுக்கித் தட்டினார். பொன்னுரங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கடி தள்ளி நின்றார்.

முதல் சீட்டு முகத்துவாரத்துக்கு. விழுந்தது நண்டு. முனியன் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதைப் பார்க்கவே ஆட்டோ சார்ஜ் தகும். கடைசிச் சீட்டு, முழங்கால் சேற்றுப் பக்கம், விமலுக்கு.

"மாமா, எனக்கு சேறா?"

"சேறுதான்டா!" என்று அவனைக் கட்டிக்கொண்டார் பொன்னுரங்கம். மருமகன் தோற்றதற்கு இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்த மாமனை நான் பார்த்ததில்லை. "இன்னா முனியா, பார்த்துக்கினியா?"

"பார்த்தேன் தலைவரே. கை சுத்தம். வாய்தான் பெருசு."

எல்லாருக்கும் தலைவர் செலவில் டீயும் பன்னும். விமலும் இரண்டு பன் தின்றான்.

இனிக் குலுக்கல் மியூசியத்தில்தான் என்று முடிவானது. அட்டையில் தன் பேரை எடுத்துவிட்டு ஊர் பேரைப் போடச் சொல்லிவிட்டார் பொன்னுரங்கம் என்றாள் இந்திராணி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான், ஊர் பேர் பெரிதாக இருந்தது. கீழே, கொஞ்சமே கொஞ்சம் சின்ன எழுத்தில்: "தலைவர்: திரு. பொன்னுரங்கம்."