இறங்காத விலை

முகம்மது சுல்தானை அவருடைய சொந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போக நாலு ஆட்கள் வந்தார்கள். வரச் சொன்னதும் அவர்தான், கட்டிலில் படுத்தபடியே கூலி பேசியதும் அவர்தான். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார்கள். அவர் முக்கால் வெள்ளிக்கு மேல் ஏறவில்லை.

“வயிறு மட்டுந்தாண்டா ஊதியிருக்கு, மத்ததெல்லாம் எலும்பு. எலும்புக்கு எதுக்கு முழுக்கூலி?”

பக்கத்தில் நின்ற வீட்டுத் தரகன் ஹனீபா சிரித்துவிட்டான். சுவரோரம் நின்ற சுல்தானின் மனைவி ஜன்னத் சிரிக்கவில்லை. ஹனீபாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் ஆறு மாதம் பதில் தேட வேண்டியிருந்தது.

வீடு இருந்தது நார்தம் ரோட்டில். நம்மாட்கள் வாயில் அது வெள்ளைக்காரத் தெரு. பினாங்கில் கையில் நாலு காசு சேர்ந்தவன் வண்டி வாங்குவான், பல்லில் தங்கம் கட்டுவான். நாலு லட்சம் சேர்ந்தவனோ வெள்ளைக்காரத் தெருவில் கடலுக்குப் புறங்காட்டி நிற்கிற ஒரு மாளிகையை வாங்கினால்தான் தூங்குவான். அங்கே மண்ணுக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை, பின்வராந்தாவில் அடிக்கிற காற்றுக்குத் தனி விலை. கொட்டைப்பாக்கும் கிராம்பும் விற்றே சுல்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். மாளிகை என்று சொல்ல முடியாது. இரண்டு பெரிய மாளிகைகளுக்கு நடுவே, கல்யாண வீட்டில் பந்திக்குப் பிந்தி வந்தவன் மாதிரி ஒடுங்கி நின்ற மாடி வீடு. ஆனாலும் கடல் அதே கடல்தானே. பன்னிரண்டு வருஷமாக மாலைத் தொழுகை முடிந்ததும் அவர் பின்வராந்தாவில் சாய்ந்துகொண்டு காற்று வாங்குவார். “ஒரு மூச்சுக்கு ஒரு வெள்ளிடா ஹனீபா, நல்லா இழு” என்பார்.

1925-ஆம் வருஷம் தை மாதம், வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. பத்து நாள் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அன்று மாலையே சுல்தான் ஹனீபாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“தரகனாப் பேசு, தம்பியாப் பேசாதே. இந்த வீட்டை நான் வித்தா என்ன விலை? நான் போனப்புறம் உன் மதினி வித்தா என்ன விலை?”

ஹனீபாவுக்குத் தொழிலில் பொய் வரும், ஆனால் இவரிடம் வராது. “நீங்க வித்தா இருபத்தோராயிரம் போகும்ணே. மதினி வித்தா பதினாலு வந்தா பெருசு.”

“ஏழாயிரம் எங்கேடா போச்சு?”

“புருஷன் போய் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராம இத்தாவுல இருக்கிற பொம்பளை திரைக்குப் பின்னால இருந்து எப்படிண்ணே பேரம் பேசுவாங்க? வர்றவன் எல்லாம் ஆறுதல் சொல்லிக்கிட்டே அடிமாட்டு விலைக்குக் கேப்பான். கண்ணீருக்குத் தள்ளுபடி உண்டு.”

சுல்தான் தலையை ஆட்டினார். பிள்ளை இல்லாதவர். தனக்குப் பின் ஜன்னத் யார் வீட்டுக் கொல்லையிலும் நிற்கக் கூடாது என்பது ஒன்றே அவருடைய மிச்சக் கவலை.

வாங்க வந்தவர் டான் தவுக்கே, சீன ரப்பர் வியாபாரி. விலை படிந்தது. அவர் போட்ட நிபந்தனையும் நியாயமானதுதான்: சாவு விழுந்த வீடு அவர் குடும்பத்துக்கு ஆகாது. பத்திரம் பதிவதற்கு முன் வீட்டுக்குள் ஏதாவது நடந்துவிட்டால் மூவாயிரம் குறைத்துத்தான் தருவார். வக்கீல் பத்திரம் எழுதி முடிக்கப் பதினைந்து நாள். டாக்டர் கொடுத்த கெடுவோ பத்தே நாள்.

“அப்போ நான் கெளம்பிடறேன்” என்றார் சுல்தான்.

“கடல் காத்துலதான் கண்ணை மூடுவேன்னு சொன்னீங்களே” என்றாள் ஜன்னத்.

“சொன்னேன். அப்போ அது ஓசின்னு நினைச்சேன். மூவாயிரம் வெள்ளின்னா எங்க வேணாலும் மூடலாம், புள்ள.”

அப்படித்தான் அவர் சூலியா தெருவில் இருந்த தம் கடையின் மேல்மாடிக்கு வந்து சேர்ந்தார். பத்திரத்தில் அங்கேயே கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். ஹனீபாவுக்கு இரண்டு பக்கமும் தரகு கிடைத்தது. ஜன்னத்துக்கு இருபத்தோராயிரம் கிடைத்தது.

பிறகுதான் கணக்குப் பிசகிற்று. சுல்தான் சாகவில்லை.

பத்து நாள் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. நோன்பு வந்து போனது, ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. மேல்மாடி அடுப்பு மாதிரிக் கொதித்தது. கீழேயிருந்து கிராம்புத் தூசி ஏறி வந்து இருமலைக் கிளப்பியது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடையின் பாசி பிடித்த சுவர். கடலுக்குப் பதிலாகக் கைவண்டிகளின் இரைச்சல். ஜன்னத் விசிறியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவாளே தவிர, கீழே வைக்க மாட்டாள். ஹனீபா வந்தால் தேத்தண்ணீர் கொடுப்பாள், பேச மாட்டாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்.

“ஆறு மாசம் அந்த வராந்தாவுல இருந்திருப்பாரு. மூவாயிரத்தை நாள் கணக்குல வகுத்தா என்ன வரும், தம்பி? நீங்க தரகராச்சே, சொல்லுங்க.”

ஹனீபா மனசுக்குள் வகுத்துப் பார்த்தான். நாளுக்குப் பதினாறு வெள்ளி சொச்சம் வந்தது. தேத்தண்ணீரை முடித்துவிட்டு எழுந்தான்.

அதைவிடக் கொடுமை வெளியே நடந்துகொண்டிருந்தது. ரப்பர் விலை பேய் பிடித்த மாதிரி ஏறியது. நேற்று வரை ஒட்டுப்பாலைச் சுமந்தவன் இன்று மோட்டார் காரில் வந்து, வெள்ளைக்காரத் தெருவில் எது கிடைக்கும் என்று கேட்டான். பக்கத்து வீடு முப்பத்தெட்டாயிரத்துக்குப் போயிற்று. விற்றுக் கொடுத்ததே ஹனீபாதான். டான் தவுக்கேயிடம் ஒருவன் நாற்பதுக்குக் கேட்டு, தேத்தண்ணீரோடு திருப்பி அனுப்பப்பட்டான். ஆறே மாதத்தில் சுல்தானின் வீடு இரண்டு வீடாகிவிட்டது.

மாடியில் கிடந்தவருக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் வியாபாரி வியாபாரிதானே? ஒரு புதன்கிழமை பகலில் கேட்டுவிட்டார்.

“தெருவுல விலை எப்படிடா?”

ஹனீபா அவர் முகத்தைப் பார்த்தான். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

“இறங்கிடுச்சுண்ணே. சரியான நேரத்துல வித்தீங்க. இப்போ உங்க வீடு பதினெட்டுக்குக்கூடப் போகாது.”

சுல்தான் கண்ணை மூடினார். நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஹனீபா எழுந்தான்.

“அப்போ வாங்கிடு” என்றார் சுல்தான்.

“என்னண்ணே?”

“இருபத்தொன்னுக்கு வித்ததைப் பதினெட்டுக்கு வாங்கிடுடா. மூவாயிரம் லாபம், வீடும் திரும்பி வந்துரும். நான் போய் வராந்தாவுல படுத்துக்கறேன். இதைக்கூட நான் சொல்லித்தான் தெரியணுமா? நீயெல்லாம் என்ன தரகன்!”

நோயாளியிடம் எந்தப் பொய்யும் சொல்லலாம். வியாபாரியிடம் மட்டும் விலையில் பொய் சொல்லக் கூடாது. விலை இறங்கியது என்று கேட்டதும் வியாபாரிக்கு அழுகை வராது, கை நீளும். இதை ஹனீபா பால்குடி மறக்கும்போதே கற்றிருக்க வேண்டும்.

“கேட்டுப் பாக்கறேண்ணே” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

உண்மையிலேயே கேட்டும் பார்த்தான். டான் தவுக்கே மரியாதையாக உட்கார வைத்து, கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பாசார் மலாயில் நிதானமாகச் சொன்னார்: நாற்பத்திரண்டு என்றால் யோசிக்கலாம். வாங்க வேண்டாம், நாலு நாள் வராந்தாவில் படுத்திருக்க மட்டும் விட முடியுமா என்று ஹனீபா கெஞ்சினான். தவுக்கே உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். மருமகளுக்கு நிறைமாதம். இரண்டு பிள்ளை தங்கவில்லை, இது மூன்றாவது. “நீயே சொல், தம்பி, நான் என்ன செய்ய?”

திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் ஏறினான். சுல்தான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறு மாதத்தில் அவர் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

“என்ன கேக்கறான்?”

“பத்தொன்பது கேக்கறாருண்ணே” என்றது ஹனீபாவின் வாய்.

“கேப்பான், கேப்பான். தேத்தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேன்.”

“மடையா! வாங்கப் போறவன் தேத்தண்ணி குடிக்கலாமா? ஒரு கோப்பைக்கு ஐந்நூறு வெள்ளி ஏறும். நாளைக்குப் போ, நின்னுக்கிட்டே பேசு, பாதியில எழுந்து வந்த மாதிரி வா.”

“நின்னுக்கிட்டே பேசினா எப்படிண்ணே எழுந்து வர்றது?”

“வாயாடாதே. போ.”

அன்று முதல் ஹனீபா தினமும் வந்தான். தவுக்கே இன்று இப்படி இருமினார், தவுக்கேயின் மனைவி குறுக்கே பேசினாள், தவுக்கே கோபித்துக்கொண்டு உள்ளே போனார் என்று ஒரு நாளைக்கு ஒரு கதை கட்டினான். சுல்தான் ஒவ்வொன்றுக்கும் புத்தி சொன்னார், திட்டினார், கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். தொகையை மட்டும் வாயால் சொல்ல விடவில்லை. கீழே கடையாட்கள் காதில் விழுந்தால் சந்தைக்குப் போய்விடும் என்று, மிளகுச் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேசினார்கள். பதினைந்துக்கு மேல் ஒரு விரல் ஆயிரம், மடக்கிய விரல் ஐந்நூறு. துண்டுக்குள் அந்தக் கை நாளுக்கு நாள் இலேசாகிக்கொண்டு வந்தது. ஆறாம் நாள் விரலை அழுத்துவதற்கே அவர் இரண்டு மூச்சு வாங்கினார். அழுத்தாத விலையையும் ஹனீபா புரிந்துகொண்ட மாதிரித் தலையசைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்தபோது துண்டு ஏற்கெனவே விரித்துக் கிடந்தது. அதனடியில் ஹனீபா பதினாறரை பிடித்தான்.

“முடி” என்றார் சுல்தான். “திங்கக்கிழமை என்னைத் தூக்கிட்டுப் போங்க. ஆளுக்கு ஒரு வெள்ளியே குடு. இந்தத் தடவை பேரம் வேணாம்.”

ஹனீபா அடுத்த அறைக்கு வந்தான். அங்கே இரண்டு தகரப் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. ஜன்னத் சேலை மடிப்புகளுக்கு நடுவே பீங்கான் தட்டுகளைச் செருகிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அவன் காணாத சிரிப்பு.

“திங்கக்கிழமைன்னு சொல்லிட்டாரு, தம்பி. நான் உங்ககிட்ட முகங்கொடுத்துப் பேசலை. மனசுல வெச்சுக்காதீங்க. வித்த கையாலயே வாங்கியும் குடுத்துட்டீங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கதவோரம் தரையில் உட்கார்ந்து, உள்ளே கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னான். பொய் விலையை, பொய் இருமலை, நிறைமாத மருமகளை, ஒன்றையும் விடவில்லை. ஜன்னத் கையிலிருந்த தட்டு மடியிலேயே நின்றது.

“உண்மையில இப்போ என்ன விலை?”

“நாப்பத்திரண்டு, மதினி.”

“ரெண்டு பங்கு” என்றாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அவர் உயிரோட இருக்கையிலயே வித்தா நல்ல விலை வரும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“நான்தான் சொன்னேன்.”

“ஞாயித்துக்கிழமையைத் தாண்டாதுன்னு காலையில நாடி பாத்த ஹக்கீம் சொல்லிட்டுப் போனாரு. அந்த வராந்தாவுலயாவது போகட்டும்னு...”

அடுத்த அறையிலிருந்து சுல்தான் கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

“என்ன புள்ள, சத்தத்தையே காணோம்? கட்டறீங்களா இல்லையா?”

ஜன்னத் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தட்டை எடுத்து இன்னொரு தட்டின் மேல் சத்தம் வர வைத்தாள்.

“கட்டிக்கிட்டுத்தாங்க இருக்கோம்!” என்று உரக்கச் சொன்னாள். பிறகு ஹனீபாவிடம் மெதுவாக, “அந்தக் கயித்தை எடுங்க, தம்பி” என்றாள்.

அவன் கயிற்றை எடுத்தான். பெட்டி மூடியைத் திறந்தும் மூடியும் சத்தம் எழுப்பினார்கள். விளக்கு, வெற்றிலைச் செல்லம், தொழுகைப் பாய் என்று அவள் ஒவ்வொன்றின் பேரையும் சொல்லிச் சொல்லி வைத்தாள். அவரும் உள்ளேயிருந்து, அதைக் கூடத்தில் வை, இதை மாடிக்குக் கொண்டு போ என்று மூச்சுவிட்டு மூச்சுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பெரிய கண்ணாடியை எங்கேங்க மாட்டறது?” ஜன்னத்தின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. குரலில் ஈரம் இல்லை.

உள்ளே சற்று நேரம் பதில் இல்லை. இருவரும் அசையாமல் நின்றார்கள்.

“கடலுக்கு எதிர்த்தாப்ல, தெக்குச் சுவத்துல மாட்டு” என்றது குரல். “படுத்துக்கிட்டே கடலைப் பாக்கலாம்.”

“சரிங்க” என்றாள் ஜன்னத்.

ஹனீபா பெட்டியைச் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினான்.