தண்ணீர் படாத கழுத்து

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. லோஜினி தண்ணீர்க் கேனைப் படியில் இறக்கி வைத்து விரல்களை விரித்துப் பார்த்தாள். பிடி அழுந்திய இடம் வெளுத்துக் கிடந்து, பிறகு மெதுவாகச் சிவந்தது. விடிந்ததிலிருந்து எத்தனை நடை என்று அவள் எண்ணவில்லை. எண்ணினால் கால் நின்றுவிடும்.

பின்னால் அண்ணன் சுரேஸ் தோளுக்கு ஒன்றாக இரண்டு கேன்களோடு ஏறி வந்தான். கண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் நாட்டாமி அவன். அவனுக்கே மூச்சு வாங்கியது.

“என்னா புள்ள, நின்னுட்ட? ஒங்க ஏசு தண்ணி மேல நடந்தாராம்ல. நம்மள மட்டும் தண்ணியத் தூக்கிக்கிட்டு நடக்க வுட்டுட்டாரு.”

“வாய மூடுண்ணே. அம்மாவுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். கேட்டாலாவது சிரிக்கும்.”

அம்பிட்டிய மேட்டில் அவர்களுடையதுதான் கடைசி வீடு. மழை இல்லாத மாதங்களில் அங்கே குழாயில் தண்ணீர் ஏறாது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லாரி வந்தாலும் கீழ் ரோட்டோடு திரும்பிவிடும். ரோட்டோரத்து ஹபீலா வீட்டில் சீமெந்துத் தொட்டி இருந்தது. காலையில் லோஜினி போய்க் கேட்டபோது ஹபீலா மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“எடுங்க லோஜினி. எங்களுக்குக் குடிக்க, தொழுகைக்கு ஒளு செய்யக் கொஞ்சம் ஈந்தா போதும். பவுசர் வந்த பொறகு திருப்பி ஊத்துங்க. உம்மாவக் குளிப்பாட்டவா?”

“ஆமா ராத்தா.”

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவள் ஹபீலாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

முன்னறையில் கட்டிலில் அம்மா ரத்தினம்மா தலையணைகளில் சாய்ந்து கிடந்தாள். சுவரோரம் நின்ற, தண்ணீர் நிரப்பும் நீலப் பெரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்கள் வீங்கி மினுமினுத்தன. வலது கழுத்தில் பிளாஸ்டருக்கு வெளியே குழாயின் இரண்டு நுனிகள் தொங்கின. சிறுநீரகம் இரண்டும் போனபின் இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யப் போட்ட குழாய். அதைக் கொண்டுதான் இத்தனை காலம் உயிர் ஓடியது. நேற்று ஆஸ்பத்திரியில், இருதயம் இனி மெஷினைத் தாங்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

குழாய் போட்ட அன்று நர்ஸ் இரண்டு விஷயம் சொன்னாள். அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் கிருமி நேரே இருதயத்துக்குப் போகும். குடிக்க ஒரு நாளைக்கு அரைப் போத்தல், அதற்கு மேல் ஒரு மிடறும் கூடாது. அன்றிலிருந்து லோஜினி காவலுக்கு நின்றாள். சாக்கு தைக்கிற வேலைக்குப் போகும்போது தண்ணீர்க் குடத்தைக் குசினியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். ஒருநாள் அம்மா தரை துடைக்கிற துணியை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். லோஜினி அதையும் பிடுங்கினாள். நர்ஸ் சொன்னதை மீறாததால்தான் அம்மா இவ்வளவு நாள் இருந்தாள்.

முழுக்கு ஞானஸ்நானம் தள்ளிப்போனதும் அந்தக் குழாயால்தான்.

தாயும் மகளும் ஒன்றாகத்தான் சபைக்குப் போகத் தொடங்கினார்கள். லோஜினி மகாவலி ஆற்றில் இறங்கி முழுக்கு எடுத்தாள். அம்மா கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு கரையில் ஒரு கதிரையில் உட்கார்ந்து பார்த்தாள். “கொழாய எடுத்ததும் மொத முழுக்கு ஒங்களுக்குத்தான் அம்மா,” என்றார் பாஸ்டர் இளங்கோ. அம்மா வெள்ளைத் துணி வாங்கித் தானே அங்கி தைத்து அலுமாரியில் வைத்தாள். குழாயை எடுக்கவே இல்லை. சபையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும். மாதா மாதம் தட்டு வரிசையில் வந்து, அம்மாவைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போகும். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

அதுகூடப் பரவாயில்லை. போன வருடம் முழுக்கு எடுக்காத ஒரு மனிதர் செத்தார். அவருடைய அடக்கத்தில் பாஸ்டர், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, “தண்ணியில எறங்காம போனவருக்கு நான் ஒரு உறுதியும் சொல்ல மாட்டேன். உசிரோட இருக்கிற நீங்க தாமதிக்காதீங்க,” என்றார். செத்தவரின் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அன்றிரவிலிருந்து அம்மா விளக்கை அணைக்க விடவில்லை.

இன்று விடிகாலையில் லோஜினி பாஸ்டரோடு ஃபோனில் பேசியபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

“தங்கச்சி, பயப்படாதீங்க. சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளன் எந்த ஆத்துல முங்குனான்? அவனக் கூட்டிக்கிட்டுப் போகலியா? தேவன் இருதயத்தப் பாக்கிறவரு.”

லோஜினி அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“கள்ளனுக்கு நேரமில்ல. ஆணியடிச்சு வச்சிருந்தாங்க. எனக்கு நேரம் இருந்துச்சே.”

லோஜினி மறுபடி ஃபோன் எடுத்தாள். தலையில் தெளித்தாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். தெளிப்பது ஞானஸ்நானம் இல்லை என்று சபையில் சொல்லிவிட்டுத் தானே எப்படித் தெளிப்பது என்றார் அவர். வீட்டில் பெரல் இருக்கிறது என்றாள். “தண்ணிக்குள்ள உசிர் போச்சின்னா பொலிசு வரும் தங்கச்சி. ஏற்கெனவே நம்ம மேல கண்ணா இருக்காங்க. மூப்பர்மார்கிட்டப் பேசிட்டுப் பகலைக்கி வாறேன்,” என்றார்.

பகலும் சாய்ந்துகொண்டிருந்தது.

சுரேஸ் கேன்களைப் பெரலில் கவிழ்த்தான். தண்ணீர் விழும் சத்தத்துக்கு அம்மா கழுத்தை நீட்டினாள்.

“நெறஞ்சிருச்சா?”

“இன்னும் ஒரு நடைம்மா. நெறஞ்சிரும்.”

“இது போதும். என்னத் தூக்குடா.”

சுரேஸ் தங்கையைப் பார்த்தான். அவன் சபைக்குப் போகிறவன் இல்லை. திருநீறு பூசிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போவான். ஆனால் இந்தக் காரியத்தில் அவனுக்குக் குழப்பமே இருக்கவில்லை.

“நான் தூக்கி எறக்கிப் புடிச்சிக்கிறேன் புள்ள. சீனி மூட்டய வுடவா அம்மா பாரம்? நீ என்னமோ சொல்லணுமே, அதச் சொல்லு. ஒரு முங்கு. முடிஞ்சிச்சி.”

“பொம்பள முழுக்கு குடுக்கக் கூடாதுண்ணே.”

“யாருடி சொன்னா?” அம்மா கேட்டாள்.

“பாஸ்டரு.”

“சாகப்போறது பாஸ்டரா?”

லோஜினி பெரலுக்குள் பார்த்தாள். தண்ணீர் கருப்பாக இருந்தது. அம்மாவின் தலை அதற்குள் போவதை நினைத்தாள். குழாயின் வாய்க்குள் தண்ணீர் புகுவதையும், மூச்சு அடைத்து அண்ணனின் கையிலேயே உடம்பு துவண்டுவிடுவதையும், தான் அதைப் பார்த்துக்கொண்டு அந்த ஞானஸ்நான வசனத்தைச் சொல்லி முடிப்பதையும் நினைத்தாள். தாயைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவள். தண்ணீரில் இறக்காவிட்டால்? அடக்கத்தில் பாஸ்டரின் வாய், அந்தப் பெண்ணின் முந்தானை.

“பாஸ்டர் வரட்டும்மா. இந்தா வந்திருவாரு.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, “தண்ணி,” என்றாள்.

லோஜினியின் கண் தானாகப் போத்தலுக்குப் போனது. காலியாக இருந்தது.

“இன்னைக்கி அளவு முடிஞ்சிருச்சும்மா.”

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. சுரேஸ் தம்ளரைப் பெரலில் முக்கி எடுத்து அம்மாவின் வாயில் வைத்தான். அம்மா மடமடவென்று குடித்தாள். இன்னொரு தம்ளர். அதையும் குடித்தாள். கடைவாயால் வழிந்த தண்ணீர் தாடையில் இறங்கிக் கழுத்துக்கு வந்தது. அது பிளாஸ்டரைத் தொடுவதற்குள் லோஜினி சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துவிட்டாள்.

அம்மா அவளையே பார்த்தாள்.

“லோஜினி.”

“என்னாம்மா?”

“அங்கயும் தாகம் எடுக்குமாடி?”

எங்கே என்று லோஜினி கேட்கவில்லை. சுரேஸ் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றான். லோஜினி பாஸ்டரின் ஃபோனுக்கு எடுத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

“பெரல இங்கிட்டு இழு,” என்றாள் அம்மா.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து இழுத்தார்கள். சீமெந்துத் தரையில் பெரல் கத்தியது. கட்டிலோடு ஒட்டி வைத்ததும் அம்மா கையைத் தூக்கி விளிம்பில் போட்டாள். வீங்கிய விரல்கள் உள்பக்கமாகத் தொங்கின. தண்ணீர் அதற்குக் கொஞ்சம் கீழே நின்றது.

“கடேசி நடை போயிட்டு வந்திர்றேன்,” என்று சுரேஸ் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். “முழுசா நெறஞ்சாத்தான் தல முங்கும்.”

லோஜினி அலுமாரியைத் திறந்து வெள்ளை அங்கியை எடுத்தாள். மடிப்பில் கரப்பான் கடித்து ஓர் ஓட்டை. பாஸ்டர் வருவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று உதறினாள். “அம்மா, இங்க பாருங்க, கைய மட்டும் கொஞ்சம் தூக்குங்க,” என்றாள். அம்மா தூக்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. லோஜினி அங்கியைப் பிடித்தபடி நின்றாள். மார்பு ஏறுவதைப் பார்க்கக் காத்திருந்தாள். ஏறவில்லை. கத்துவதற்குக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. கத்தினால் அது உறுதியாகிவிடும்.

சுரேஸ் தோளில் கேனோடு உள்ளே வந்தான். கட்டிலைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். கேனை இறக்காமலே நின்றான்.

“இத என்னா செய்ய?” என்றான்.

பாஸ்டர் இளங்கோ வந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கூட ஒரு மூப்பர். படி ஏறியதில் இருவருக்கும் சட்டை நனைந்திருந்தது. பாஸ்டர் அம்மாவின் தலைமாட்டில் நின்று கண்ணை மூடி ஜெபித்தார். நல்ல குரல். ஜெபம் முடிந்ததும் லோஜினி அவரை விடவில்லை.

“அம்மா எங்க பாஸ்டர் இருக்காங்க?”

“தேவனுடைய கையில தங்கச்சி.”

“நிச்சயமா?”

“காலையில சொன்னேனே. அந்தக் கள்ளன்…”

“கள்ளனுக்கு நேரமில்லேன்னு சொன்னாங்க. தனக்கு நேரம் இருந்துச்சாம்.”

பாஸ்டர் நெற்றியைத் துடைத்தார். கட்டிலோடு ஒட்டி நின்ற பெரலை அப்போதுதான் பார்த்தார். விளிம்பில் இன்னும் அந்தக் கை கிடந்தது.

“தேவன் அறிவாரு,” என்றார்.

“அடக்கத்துல என்னா சொல்லுவீங்க?”

மூப்பர் செருமினார். பாஸ்டர் கைலேஞ்சியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, வெளியே போய்ப் பாட்டைத் தொடங்கலாம் என்று மூப்பரிடம் சொன்னார்.

பிரேதப் பெட்டியோடு மலர்ச்சாலை வேன் வருவதற்குள் உடம்பைக் கழுவ வேண்டும். பின்வாசலில் இரண்டு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். கீழேயிருந்து ஹபீலாவும் வந்திருந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மறைப்பின் ஒரு முனையை அவள் வாங்கிக்கொண்டாள். சுரேஸ் அம்மாவைத் தனியாகவே தூக்கி வந்து பலகையில் கிடத்தினான். மகன்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பெரலை நகர்த்திக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவன் வாளியை முக்கி எடுத்தான். தங்கையின் பக்கம் குனிந்தான்.

“சொல்லணும்னா இப்ப சொல்லு புள்ள. யாருக்கும் கேக்காது.”

முன்வாசலில் பாட்டுச் சத்தம் உயர்ந்தது. லோஜினி வாயைத் திறந்தாள். செத்த பிறகு சொல்லலாமா, சொன்னால் அது செல்லுமா, சொல்வதே பாவமா, ஒன்றும் தெரியவில்லை. பல் கிட்டிக்கொண்டது.

சுரேஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஊற்றினான். நெற்றியில் விழுந்த தண்ணீர் முடியை நனைத்து இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. வலப்பக்கம் ஓடியது கழுத்துக்கு இறங்கியது. லோஜினியின் கை முந்திக்கொண்டு போய்க் குழாயைப் பொத்தியது.

சுரேஸ் வாளியை நிறுத்தினான்.

“கைய எடு புள்ள.”

அவள் எடுக்கவில்லை. உள்ளங்கைக்கு அடியில் பிளாஸ்டர் காய்ந்தே இருந்தது.

“லோஜினி. இனி பட்டா ஒண்ணுமில்ல.”

ஹபீலா சேலை முனையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக விலக்கினாள். சுரேஸ் மறுபடி ஊற்றினான். பிளாஸ்டரின் ஓரம் நனைந்து மெல்லத் தூக்கிக்கொண்டது. குழாயின் இரண்டு நுனிகளிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

பெரல் காலியாகும்வரை ஊற்றினார்கள். பின்வாசல் குழாயை யாரோ திறந்து பார்த்தார்கள், காற்றுத்தான் வந்தது. ஹபீலா வீட்டுக்கு ஒரு பெரல் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.