சிறந்த தொழிலாளியின் படம்

ஓசூர் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ரெக்ஸ் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவான். போட்டோ விஷயத்திலும் தன் கண் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தான். செல்போனில் நாலு வீடியோ பார்த்து வந்த ஞானம்.

அந்த மாதம் சிறந்த தொழிலாளி மாதேஸ்வரி. சூளகிரியிலிருந்து வருகிறவள். பாகம் ஆடாமல் நிற்க மரக்கட்டையில் தானே ஒரு தாங்கி செய்து, ரிஜெக்‌ஷனைப் பாதியாகக் குறைத்திருந்தாள். நோட்டீஸ் போர்டுக்கு அவளைப் படமெடுக்கும் வேலையை ரெக்ஸ் வலியப் போய் வாங்கிக்கொண்டான்.

கட்டையும் கையுமாக மெஷின் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தான். பிறகு கேன்டீனில் உட்கார்ந்து கைவரிசையைக் காட்டினான். பின்சுவரில் தொங்கி, அவள் தலையிலிருந்து முளைத்ததுபோல் தெரிந்த சிவப்புத் தீயணைப்பு வாளியை முதலில் வெட்டினான். வெட்ட வெட்ட ருசி கூடியது. மெஷின் போனது, தோள் போனது, முகம் மட்டும் மிஞ்சியது. அதையும் வெளுக்கவைத்து, வழவழப்பாக்கி, மூக்கோரம் தெரிந்த புள்ளியையும் துடைத்தெடுத்தான்.

ஷிப்ட் முடிந்ததும் போர்டைச் சுற்றிக் கூட்டம்.

"யாருங்க சார் இந்தப் பொண்ணு? புதுசா சேந்திருக்காங்களா?" என்றாள் மாதேஸ்வரி.

"நீங்கதாங்க."

"அப்ப என் மூக்குத்தி எங்க?"

ரெக்ஸ் போர்டருகே குனிந்து படத்தின் மூக்கோரத்தில் தேடினான்.

"அது போவட்டும். எதுக்குப் பரிசு குடுத்தாங்களோ அந்தக் கட்டையக் காணோம். கையவே காணோம் சார்!"

கூட்டம் சிரித்தது. மயிரிழை பார்க்கும் கண்ணுக்கு முழுக் கை போனது தெரியவில்லையே என்று நினைத்ததும் ரெக்ஸும் சிரித்துவிட்டான்.

போர்டிலிருந்து படத்தைப் பிய்த்துவிட்டு, அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய படத்தைத் திறந்தான். வாளியை மட்டும் வெட்டினான். லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக்கி, முகத்து நிழலில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினான். விரல் அடுத்த பட்டனைத் தேடியது.

"போதும் சார், விட்ருங்க," என்று அவள் போனையே பிடுங்கிக்கொண்டாள். அந்தப் படத்தில் கட்டையைத் தூக்கிப் பிடித்து, மூக்குத்தி மின்ன, கொஞ்சம் கர்வமாகவே நின்றாள்.

மறுநாள் மேனேஜர் பிரதாப் தன் படத்தை நீட்டினார். "முன்னாடி கொஞ்சம் முடி வரவைக்க முடியுமா, ரெக்ஸ்?"

"வெளிச்சம் வேணா சரி பண்றேன் சார்."

சொல்லிவிட்டான். விரல்தான் துறுதுறுத்தது. கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.